குழிக்குக் காசில்லை, கூத்துக்கு உண்டு

ஏப்ரல் பாதி கடந்துவிட்டால் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் திருவிழாக் கொடி ஏறிவிடும். ஆறேழு வாரக் கொண்டாட்டம். சாமி எந்த நாளில் எந்தத் தெரு வழியாகப் புறப்படும் என்பது மட்டும்தான் நிச்சயமில்லை. மற்ற ஏற்பாடெல்லாம் பக்கா. தொலைக்காட்சி நிலையங்களின் ஹெலிகாப்டர்கள் எண்ணெய் குடித்துத் தயாராக நிற்கும். நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க்குகளில், கூரை மேல் ஆன்டெனாவும் காற்றுமானியும் மஞ்சள் விளக்கும் முளைத்த வண்டிகள் வந்து சேரும். அவற்றிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட வீரர்கள் இறங்கி, கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். கடல் கடந்தும் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். அடுத்தவன் வீட்டுக் கூரை பறப்பதை நேரில் காண, தலைக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டி வேனில் ஏறுவார்கள். சில வருஷம் எந்தக் கூரையும் பறப்பதில்லை. கொடுத்த காசுக்கு ஒன்றும் தேறவில்லையே என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு விமானம் ஏறுவார்கள், பாவம்.

வானத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று புழுக்கத்தோடு ஏறி வருகிறது. மேற்கே நியூ மெக்சிகோ, மேற்கு டெக்சாஸ் மேட்டு நிலத்திலிருந்து வறண்ட காற்று இறங்குகிறது. உயரத்தில் மேலைக்காற்று வசந்தத்திலும் வலுக் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் வெதுவெதுப்பான ஒரு படலம், ஈரக்காற்றை எழும்ப விடாமல் பிற்பகல் வரை அமுக்கி வைத்திருக்கும். நாலு, ஐந்து மணிக்கு அந்தப் படலம் எங்காவது கிழிந்தால் மேகம் கொப்பளித்துக்கொண்டு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு எழும். தரைக்காற்று ஒரு திசை, மேல்காற்று வேறு திசை, வேறு வேகம். அதனால் எழுகிற மேகமே சுழலத் தொடங்கும். இப்படிச் சுழலும் மேகங்களில் சிறு பங்குதான் தரையைத் தொடும் டொர்னாடோவை இறக்குகிறது. எது இறக்கும் என்று இன்றைக்கும் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. விடுக்கப்படும் எச்சரிக்கைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பொய்த்துப்போகின்றன. பலிப்பவற்றில் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னே பின்னே அவகாசம் கிடைக்கிறது. பத்து நிமிடம் சாமானியமல்ல, ஓடி ஒளிய இடம் இருப்பவனுக்கு.

அந்த இடத்தைப் பற்றித்தான் இந்த மாநிலத்தில் பேசக் கூடாது. மற்ற எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம்.

மே மாதத்துக்கு இரண்டு சிறப்புகள். ஓக்லஹோமாவில் டொர்னாடோக்கள் மிக அதிகம் இறங்கும் மாதம் அது. அமெரிக்கத் தொலைக்காட்சிகளுக்கு நேயர் கணக்கெடுப்பு மாதங்களில் ஒன்றும் அதுதான். அந்தக் கணக்கை வைத்தே விளம்பர விலை நிர்ணயமாகும். இரண்டும் ஒரே மாதத்தில் வந்து விழுந்தது தற்செயல். அந்தத் தற்செயலை ஒரு நிலையமும் வீணாக்கியதில்லை. மேகம் கறுத்ததும் தொடர் நாடகம் போய்விடும். வானிலையாளர் கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்துவிட்டு, வரைபடத்தின் முன் வந்து நிற்பார். மணிக்கணக்கில் நேரலை, விளம்பரமே கிடையாது. என்ன தியாகம்! எங்கள் ரேடார்தான் ஊரிலேயே சக்தி வாய்ந்தது, எங்கள் ஆள்தான் முதலில் சொன்னார் என்று வருஷம் முழுக்க அதே நிலையம் அதே முகத்தை வைத்து விளம்பரம் செய்யும். உயிர் காக்கும் செய்தியை யார் முந்திச் சொல்வது என்று போட்டி வைத்தால் உயிர் அதிகம் பிழைக்கும் என்றுதான் நாமும் நினைப்போம். பிழைத்தது என்னவென்று 2013 மே 31-ஆம் தேதி தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, ஓக்லஹோமா சிட்டிக்கு மேற்கே எல் ரினோ என்ற சிற்றூருக்கு அருகில் டொர்னாடோ இறங்கியது. இறங்கியது அகலத் தொடங்கி 4.2 கிலோமீட்டர் வரை விரிந்தது. இன்று வரை அளந்தவற்றில் அதுதான் மிக அகலமானது. பதினோரு நாள் முன்பு பக்கத்து மூர் நகரம் இன்னொரு டொர்னாடோவில் நாசமானதை நேரலையில் பார்த்த ஊர், ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு தொலைக்காட்சி வானிலையாளர், நிலத்தடிப் பதுங்கறை இல்லாதவர்கள் காரில் ஏறித் தெற்கே போய்விடுங்கள் என்று திரையில் சொன்னார். டொர்னாடோவுக்கு முன்னால் காரில் போகாதே என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. அதைத் தலைகீழாக்கி, கணக்கெடுப்பு மாதம் முழுக்க ஊர் நம்பிப் பார்த்த முகம் ஒன்று சொன்னது. ஊர் கேட்டது. நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டன. எதிர்த்திசைத் தடத்திலும் கார்கள் ஏறின. டொர்னாடோ அந்த நெரிசலை எட்டுவதற்கு முன் தானாகவே கலைந்தது. அதற்குக் காரணம் எந்த நிலையத்தின் ரேடாரும் அல்ல. அந்த டொர்னாடோவுக்கு நேரடியாகப் பலியான எட்டு பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். அதே இரவு கொட்டிய மழையில், காற்றுக்குப் பயந்து மழைநீர் வடிகாலுக்குள் இறங்கி ஒளிந்தவர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அடுத்த வசந்தத்திலும் அந்த வானிலையாளரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்.

இறந்த எட்டு பேரில் டிம் சமாராஸ், அவர் மகன் பால், கூட்டாளி கார்ல் யங் மூவரும் உண்டு. இந்தக் கூத்தில் கை கூப்ப வேண்டிய ஆள் ஒருவர் உண்டென்றால் அது சமாராஸ். கல்லூரிப் பட்டம் இல்லாத பொறியாளர். டொர்னாடோவின் பாதையில் தரையோடு தரையாக ஒரு கருவியை வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவார். 2003-ல் தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டர் என்ற ஊரில் அவர் வைத்த கருவியின் மேலேயே டொர்னாடோ ஏறிப் போனது. காற்றழுத்தம் சட்டென்று 100 மில்லிபார் விழுந்ததைக் கருவி பதிந்துவைத்தது. அப்படி ஓர் அளவீடு அதற்கு முன் யாரிடமும் இல்லை. சக புயல் துரத்துநர்களிடையே மிகவும் எச்சரிக்கையானவர் என்று பெயர் வாங்கியவர். அவரே தப்பவில்லை. அதே மாலை, ஒரு வானிலைத் தொலைக்காட்சியின் வண்டியைக் காற்று தூக்கி வயலில் எறிந்தது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். சமாராஸ் போன்றவரே செத்தார் என்றால் நாம் எந்த மூலை என்று மற்றவர்கள் வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பினார்கள், அடுத்த மேகத்தை நோக்கி.

துரத்தலுக்கு மரியாதையான ஒரு காலம் இருந்தது. டேவிட் ஹோட்லி 1956-லேயே வடக்கு டகோட்டாவில் புயலைத் தேடிக் கார் ஓட்டியவர். 1977-ல் துரத்துநர்களுக்கென்று ஒரு சிறு பத்திரிகையும் தொடங்கினார். 1973 மே 24 அன்று ஓக்லஹோமாவின் யூனியன் சிட்டியில், ஆய்வாளர்கள் தரையிலிருந்து டொர்னாடோவின் பிறப்பு முதல் சாவு வரை படம் பிடித்தார்கள். அதே நேரம் நார்மன் நகரத்து டாப்ளர் ரேடார் மேகத்துக்குள் அது உருவாவதைக் கண்டது. இன்று ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் அடிப்படையான அறிவு அந்தப் பிற்பகலில் சேர்ந்தது. ரேடாரால் தரையை ஒட்டி நடப்பதைப் பார்க்க முடியாது. ஆள் நின்று பார்த்துச் சொன்னால்தான் உண்டு. அதற்காக நின்றவர்களும் இன்றும் நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது சாலையில் அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மீதிப் பேர் நேரலைக்காரர்கள். டாஷ்போர்டில் மூன்று கேமரா, ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் போன். காற்றைக் காட்டுவதைவிடத் தன் வாயைத்தான் அதிகம் காட்டுகிறான். கடவுளே, கடவுளே என்று அலறல். அலறல் கூடக் கூடப் பார்வையாளர் கூடுவார்கள். பார்வையாளர் கூடக் கூட வண்டி இன்னும் நெருங்கும். ஆம்புலன்ஸுக்கு வழி விடாமல் இருவழிச் சாலையில் ஐம்பது வண்டி நிற்கிறது. ஐம்பதும் அறிவியலுக்காக நிற்பதாகச் சொல்கிறது. 2017 மார்ச்சில் மேற்கு டெக்சாஸில், ஒரு வானிலைத் தொலைக்காட்சிக்காகத் துரத்திக்கொண்டிருந்த இருவர், நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே சாலைச் சந்திப்பில் நிற்காமல் பாய்ந்தார்கள். குறுக்கே வந்த காரில் இருந்தவருக்கு 25 வயது. அவரும் ஒரு துரத்துநர்தான். மூவரும் செத்தார்கள். அவர்களைக் கொன்றது டொர்னாடோ அல்ல, சந்திப்பு. 2022 ஏப்ரலில் ஓக்லஹோமா பல்கலைக்கழக வானிலையியல் மாணவர்கள் மூவர், துரத்தப் போய்த் திரும்பும் வழியில் மழைச்சாலையில் வண்டி வழுக்கி இறந்தார்கள். அந்தப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. புயல் என்றால் சாகசம் என்று அவர்களுக்குப் பாலூட்டி வளர்த்தவர்கள் மீதுதான்.

கேமரா ஆளைக் கொல்லும் என்பதற்கு இன்னும் நேரான சாட்சி உண்டு. 1991 ஏப்ரலில் கான்சாஸ் நெடுஞ்சாலையில் ஒரு தொலைக்காட்சிக் குழு, டொர்னாடோ வருகிறதென்று பாலத்தடியில் போய் ஒண்டிக்கொண்டது. காற்று மேலே கடந்துபோனது, எல்லாரும் பிழைத்தார்கள், படமும் கிடைத்தது. அந்தப் படம் உலகம் முழுக்க ஓடியது. அவர்கள் மீது டொர்னாடோவின் நடுப்பகுதி படவே இல்லை, அந்தப் பாலத்தின் அமைப்பும் அபூர்வமானது என்று ஆய்வாளர்கள் தொண்டை கிழியச் சொன்னார்கள். பாலத்தடிதான் பத்திரம் என்று ஒரு தேசமே கற்றுக்கொண்டிருந்தது. பாலத்தடியில் காற்று இடுக்கில் புகுந்து இன்னும் வேகமெடுக்கும். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் பாலங்களின் அடியில் ஒதுங்கியவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். அந்தப் படம் பிடித்த கேமராவுக்கு யாரும் வழக்குப் போடவில்லை.

ஒரு காலத்தில் இதே நாட்டில் டொர்னாடோ வரும் என்று முன்னறிவிப்பதே தடை செய்யப்பட்டிருந்தது என்றால் நம்புவீர்களா? 1880-களில் ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவில் இருந்த ஜான் ஃபின்லி, டொர்னாடோவைக் கணிக்கப் பரிசோதனை முயற்சி செய்தார். மேலிடம் நிறுத்திவிட்டது. மக்கள் பீதியடைவார்கள் என்பது சொன்ன காரணம். டொர்னாடோ ஊர் என்று பெயரெடுத்தால் பணம் போட எவன் வருவான் என்பது சொல்லாத காரணம். காகிதத்தில் தடை 1938-ல்தான் போனது. 1948 மார்ச் 20-ஆம் தேதி ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை டொர்னாடோ தாக்கி விமானங்களை நொறுக்கியது. விமானம் நொறுங்கியதும் அரசுக்கு அறிவியல் மீது பற்று வந்தது. ஐந்தே நாளில் அதே தளத்தில் ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு வானிலை அதிகாரிகள் முதல்முறையாக அதிகாரபூர்வமாக முன்னறிவிப்புக் கொடுத்தார்கள். பலித்தது. மறுபடி டொர்னாடோ வந்தபோது தளத்தில் விமானங்களைப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அப்போது வியாபாரத்துக்காக மறைத்தார்கள், இப்போது வியாபாரத்துக்காகக் காட்டுகிறார்கள். நடுவில் முன்கூட்டிப் பத்திரப்படுத்தப்பட்டவை விமானங்கள்.

குழந்தைகளின் கதைக்கு வருவோம்.

மூர், ஓக்லஹோமா சிட்டியின் தென்புறத்து நகரம். 1999-ல் அதை டொர்னாடோ கிழித்தது. காற்றின் வேகம் மணிக்கு 480 கிலோமீட்டருக்கு மேல் என்று நடமாடும் ரேடார் அளந்தது. 2003-ல் மறுபடி வந்தது. 2013 மே 20 அன்று மீண்டும். இந்த முறை 24 பேர் செத்தார்கள். முன்னறிவிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டொர்னாடோ தரையைத் தொடுவதற்குப் பதினாறு நிமிடம் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. பிளாசா டவர்ஸ் தொடக்கப்பள்ளியை அது எட்டும்போது அரைமணிக்கு மேல் ஆகியிருந்தது. தேசிய வானிலைச் சேவை, தொலைக்காட்சி, ஹெலிகாப்டர், சைரன் எல்லாம் தம் வேலையைச் செய்தன. ஆசிரியைகள் பிள்ளைகளைச் சுவரோரம் குனிய வைத்து, தம் உடம்பால் மூடிக்கொண்டார்கள். சுவர் விழுந்தது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஏழு பேர் அதன் அடியில் இறந்தார்கள். அந்தப் பள்ளியில் பாதுகாப்பறை இல்லை.

ஏன் இல்லை என்று கேட்பீர்கள். 1999 டொர்னாடோவில் இடிந்த மூர் பள்ளிகளைத் திருப்பிக் கட்டியபோது பாதுகாப்பறையோடு கட்டினார்கள். பிளாசா டவர்ஸ் அன்று இடியவில்லை. இடியாத பள்ளிக்கு எதற்குப் பாதுகாப்பறை? 2013-ல் இடிந்தது, 2014-ல் பாதுகாப்பறையோடு புதிதாகத் திறந்தார்கள். நிர்வாகம் தன் வழக்கத்தில் ஒரு நூல் பிசகவில்லை. இந்த மாநிலத்தில் பள்ளிக்குப் பதுங்குமிடம் வேண்டுமென்றால் முதலில் அது பிள்ளைகள் மேல் விழ வேண்டும்.

அந்தக் கோடையில் ஜோ டோர்மன் என்ற சட்டமன்ற உறுப்பினரும், பிள்ளைகளை இழந்த பெற்றோரும் சேர்ந்து ஒரு மனு இயக்கம் தொடங்கினார்கள். மாநிலம் 50 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு எல்லாப் பள்ளிகளிலும் பாதுகாப்பறை கட்டட்டும். நிறுவனங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் ஃபிரான்சைஸ் வரியிலிருந்து அந்தக் கடன் அடையட்டும். புதிய வரி கிடையாது. வாக்காளர்களே முடிவு செய்யட்டும். இவ்வளவுதான் கேட்டார்கள். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ஸ்காட் புரூயிட், வாக்குச்சீட்டில் வரவிருந்த தலைப்பை எடுத்துத் திருத்தி எழுதினார். பதுங்குமிடம் பின்னால் போய், வரி முன்னால் வந்து நின்றது. வழக்கு நீதிமன்றம் போனது. கெடுவுக்குள் போதுமான கையெழுத்து சேரவில்லை. பள்ளி வட்டாரங்கள் தத்தம் சொத்துவரியை உயர்த்திக் கட்டிக்கொள்ளட்டும் என்பது ஆளுநர் மேரி ஃபாலினின் வாதம். பணக்கார வட்டாரத்துப் பிள்ளைக்கு ஆறு அங்குலக் கான்கிரீட், ஏழை வட்டாரத்துப் பிள்ளைக்கு ஆசிரியையின் முதுகு. டோர்மன் 2014-ல் ஆளுநர் பதவிக்கு நின்று தோற்றார். புரூயிட் 2017-ல் நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கே தலைவரானார். பாதுகாப்பில் அவருக்கு இருந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள். அந்த ஃபிரான்சைஸ் வரி என்ன ஆயிற்று என்றால், 2023-ல் சட்டமன்றம் அதை அடியோடு ஒழித்துவிட்டது. நிறுவனங்களுக்குப் பாரமாக இருந்ததாம்.

50 கோடி டாலர் பெரிய தொகை, எங்கே போவது என்று யாராவது அங்கலாய்த்தால் ஒரு கணக்குச் சொல்கிறேன். 1996-ல் வந்த 'ட்விஸ்டர்' படம் ஓக்லஹோமாவில், வகீட்டா என்ற சின்ன ஊரில் எடுக்கப்பட்டது. துரத்துநர்களைக் கதாநாயகர்கள் ஆக்கியது அந்தப் படம்தான். உலகம் முழுவதும் அது வசூலித்தது ஏறக்குறைய 49 கோடி டாலர். மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தேவைப்பட்ட தொகையை, மாடு பறக்கும் ஒரு படத்துக்கு மக்கள் டிக்கெட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். படமெடுக்க வருவோருக்குச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தர ஆண்டுக்கு 3 கோடி டாலர் வரை ஒதுக்கி 2021-ல் சட்டம் போட்டதும் இதே மாநிலம்தான். 2024-ல் வந்த 'ட்விஸ்டர்ஸ்' படமும் ஓக்லஹோமாவில்தான் எடுக்கப்பட்டது. பொய்க்காற்று அடிப்பதற்கு அரசு மானியம் உண்டு.

வீடுகளுக்கும் ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லாவிட்டால் பாவம் வந்துவிடும். ஓக்லஹோமாவின் செங்களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். நிலத்தடி அறை தோண்டினால் செலவு கூடுமென்று வீடு கட்டுபவர்கள் அதை எப்போதோ கைவிட்டார்கள். இந்த டொர்னாடோ மாநிலத்தில் பத்தில் ஒன்பது வீட்டுக்கு நிலவறை கிடையாது. டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே பிரிஸ்கோ, பிளேனோ பக்கம் பெரிய பெரிய வீடு வாங்கும் நம்மவர்களும் அப்படித்தான். வாசல் எந்தத் திசை, சமையலறை எந்த மூலை என்று நுணுக்கமாகப் பார்ப்பார்கள், காற்று வந்தால் எங்கே நுழைவது என்று கேட்க மாட்டார்கள். சரி, அந்தத் திட்டம். தனியாகப் பதுங்கறை வாங்கிப் பதிப்பவர்களுக்கு மாநிலம் 2,000 டாலர் வரை திருப்பித் தருவதாக அறிவித்தது. எல்லாருக்கும் அல்ல. பேர் கொடுக்க வேண்டும், குலுக்கல் நடக்கும், விழுந்தவருக்கு உண்டு. உயிர் பிழைக்கும் யோகத்தை லாட்டரியில் வைத்த முதல் அரசு இதுவாக இல்லாமல் இருக்கலாம். இவ்வளவு வெளிப்படையாக வைத்தது இதுதான்.

டெல்லிக்கு நாம் எம்.பி.க்களை அனுப்புவது போல வாஷிங்டனுக்கு ஓக்லஹோமா செனட்டர்களை அனுப்பியிருந்தது. ஜிம் இன்ஹோஃப், டாம் கோபர்ன். சாண்டி புயலில் நியூயார்க், நியூ ஜெர்சி மூழ்கிய பிறகு, 2013 ஜனவரியில் நிவாரண மசோதாவை எதிர்த்து இருவரும் வாக்களித்தார்கள். மே மாதம் மூர் விழுந்தது. மறுநாளே இன்ஹோஃப், அது வேறு, இது முற்றிலும் வேறு என்றார். கோபர்ன் குறைந்தபட்சம் நேர்மையானவர்: என் ஊருக்கே ஆனாலும் வேறு எதையாவது வெட்டித்தான் பணம் தர வேண்டும் என்று, இடிபாட்டில் ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே சொன்னார். 2015 பிப்ரவரியில் இன்ஹோஃப் வெளியிலிருந்து ஒரு பனி உருண்டையை செனட் சபைக்குள் கொண்டுவந்து எறிந்தார். உலகம் சூடாகவில்லை என்பதற்கு அதுவே சான்றாம். அவர்தான் அப்போது செனட்டின் சுற்றுச்சூழல் குழுவுக்குத் தலைவர்.

இவ்வளவு கூத்துக்கும் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? நாடு முழுக்க நிற்கும் நூற்றறுபது அளவிலான அரசு டாப்ளர் ரேடார்களிலிருந்து. தினம் இரண்டு முறை பறக்கவிடப்படும் அரசு பலூன்களிலிருந்து. நார்மன் நகரத்தில் இரவெல்லாம் விழித்திருந்து நாடு முழுமைக்கும் கணிக்கும் புயல் கணிப்பு மையத்திலிருந்து. போனில் வரும் செயலி, திரையில் சுழலும் வண்ணப்படம், நேரலைக்காரனின் மடியில் இருக்கும் வரைபடம், பெரும்பாலும் எல்லாம் அந்த இலவசத் தரவைப் பூசி மெழுகியதுதான். இந்தச் சேவை இலவசமாகக் கிடைப்பது சிலருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 2005-ல் பென்சில்வேனியாவின் செனட்டர் ரிக் சாண்டோரம், தனியார் விற்கிற பண்டத்தை அரசு வானிலைச் சேவை மக்களுக்குச் சும்மா கொடுக்கக் கூடாது என்ற ரீதியில் மசோதா கொண்டுவந்தார். அக்யூவெதர் என்ற தனியார் நிறுவனத்தின் தலைமையகம் அவருடைய மாநிலத்தில்தான். மசோதா தேறவில்லை. 2017-ல் டிரம்ப், அந்த நிறுவனத்தின் தலைவர் பேரி மையர்ஸையே வானிலைச் சேவைக்கு மேலே உள்ள முகமையின் தலைவராக நியமிக்க முன்மொழிந்தார். இரண்டு வருஷம் இழுபறிக்குப் பின் அவரே விலகிக்கொண்டார்.

முன்வாசல் திறக்கவில்லை என்றதும் 2025-ல் கொல்லைப்புறமாக வந்தார்கள். பணிநீக்கம், விருப்ப ஓய்வு என்று வானிலைச் சேவையிலிருந்து சில மாதத்துக்குள் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். சமவெளியின் நடுவே ஒமாஹாவிலும் ராபிட் சிட்டியிலும் பலூன் விட ஆளில்லை என்று வசந்தம் தொடங்கும் மார்ச் மாதத்தில் நிறுத்தினார்கள். சில அலுவலகங்களில் இரவுப் பணிக்கே ஆள் இல்லாமல் போனது. கென்டக்கியின் ஜாக்சன் அலுவலகம் அதில் ஒன்று. மே 16 இரவு அந்த வட்டாரத்தில் டொர்னாடோ வரும் என்று தெரிந்ததும், ஓய்வில் இருந்தவர்களை வரவழைத்து இருக்கைகளை நிரப்பினார்கள். அந்த இரவு கென்டக்கியில் இருபது பேரளவில் இறந்தார்கள். ஆள் குறைத்ததால்தான் செத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊழியர்கள் தூக்கத்தை விட்டு வந்து தம் கடமையைச் செய்தார்கள். அவர்கள் வருவார்கள் என்ற துணிவில்தானே ஆளைக் குறைக்கிறார்கள்? அதைத்தான் சொல்கிறேன்.

அதே மே 16, பிற்பகல், செயின்ட் லூயிஸ் நகரம். வானிலைச் சேவை எச்சரித்துவிட்டது. நகரத்து சைரன்கள் ஊதவில்லை. பழுதா? அது மட்டும் இல்லை. நகர அவசரநிலை மேலாண்மை அலுவலகத்து ஆட்கள் வெளியிடத்தில் ஒரு பயிலரங்கில் இருந்தார்கள். பொத்தானை அமுக்குவது தாங்களா, தீயணைப்புத் துறையா என்பதில் தெளிவில்லை. மேலாண்மை பற்றிய பயிலரங்காகத்தான் இருந்திருக்க வேண்டும். கறுப்பின மக்கள் பெரும்பாலாக வாழும் வடக்குப் பகுதியில் செங்கல் வீடுகள் ஆயிரக்கணக்கில் சிதைந்தன. விசாரணை நடந்தது, அதிகாரி விடுப்பில் அனுப்பப்பட்டார், பொத்தானை இனி யார் அமுக்குவது என்று உத்தரவு போடப்பட்டது.

டொர்னாடோவுக்குச் சாதி, நிறம், வாடகை தெரியாது என்பார்கள். நன்றாகத் தெரியும். நாடு முழுக்க டொர்னாடோவில் சாகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மொபைல் ஹோமில் இருப்பவர்கள். தொழிற்சாலையில் செய்து, லாரியில் இழுத்து வந்து, வாடகை மனையில் வைத்துப் பட்டையால் கட்டிய வீடு அது. அமெரிக்காவின் மொத்த வீடுகளில் அவை நூற்றுக்கு ஆறு அளவுதான். பலவீனமான டொர்னாடோவே அதைப் புரட்டிவிடும். மினசோட்டாவில் ஒரு சட்டம் இருக்கிறது: பத்து வீடு அல்லது அதற்கு மேல் உள்ள மொபைல் ஹோம் பூங்கா, 1988 மார்ச்சுக்குப் பிறகு உரிமம் வாங்கியதானால், பதுங்குமிடம் கட்டியே ஆக வேண்டும். டொர்னாடோ அங்கே ஓக்லஹோமா அளவுக்கு வருவதும் இல்லை. அதிகம் வருகிற தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அப்படி ஒரு சட்டத்தை எழுதக் காகிதம் கிடைக்கவில்லை.

ஓக்லஹோமா சிட்டி மாநகராட்சி பொதுப் பதுங்குமிடம் எதையும் நடத்துவதில்லை. மொபைல் ஹோமில் இருக்காதே, காரில் ஏறி ஓடாதே, பாலத்தடியில் நிற்காதே, வடிகாலில் இறங்காதே. எல்லாம் சரியான அறிவுரை; ஒவ்வொன்றுக்கும் பின்னால் பிணம் உண்டு. அப்படியென்றால் எங்கே போவது என்று ஐந்தரை மணிக்கு வேலை முடிந்து, இரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மொபைல் ஹோம் பூங்காவுக்குத் திரும்பும் ஒருத்தி கேட்டால், நிலவறை உள்ள தெரிந்தவர் வீட்டுக்கு முன்கூட்டியே போய்விடுங்கள் என்கிறார்கள். அவளுக்குத் தெரிந்தவர்களும் அதே பூங்காவில்தான் இருக்கிறார்கள். குலுக்கலில் பேர் கொடுக்கலாமே என்றால், அது வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு. அவள் வாடகைக்கு இருக்கிறாள்.